மறதிக்கு மருந்து பிரம்பா?

அரபு மொழியில் மனிதனுக்கு ‘இன்ஸான்’ என்று பெயர். இச்சொல்லின் வேர் குறித்து மொழிவல்லார் இருவேறு கருத்துரைப்பர். நேசத்தைக் குறிக்கும் ‘உன்ஸ்’ என்பதிலிருந்து பிறந்தது என்பர் ஒரு சாரார். மறதியைக் குறிக்கும் ‘நிஸ்யான்’ என்பதிலிருந்து பிறந்தது என்பர் மற்றொரு சாரார். மறதி மனிதனின் பெயரிலேயே கலந்திருக்கக்கூடும் என்பதை அறிஞர்கள் ஒப்பினர். ஆயினும், பாடத்தை மறந்து நிற்கும் பிள்ளையை நாம் குற்றவாளியாகவே நடத்துகிறோம்.

உளநூலார் நினைவை மூன்று படிகளாகப் பகுப்பர்: பதித்தல், இருத்துதல், மீட்டல். ஓதியது உள்ளத்தில் பதிய வேண்டும். பதிந்தது தங்க வேண்டும். தங்கியது வேண்டும்போது நாவுக்கு வர வேண்டும். இம்மூன்றில் எது தவறினாலும் ‘மறந்துவிட்டான்’ என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். நோய் எங்கே என்று பாராமல் மருந்து கொடுப்பது போன்றதன்றோ இது?

மறதியை அளந்து பார்க்க முனைந்த முன்னோடி, ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தம்மையே சோதித்து, முடிவுகளை 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரம் கழித்து அதே அசைகளை மீண்டும் கற்றபோது, முதலில் பட்ட உழைப்பில் 44 விழுக்காடே அவருக்கு மிச்சமாயிற்று. ஒரு நாள் சென்றபின் ஏறக்குறைய 34; ஒரு மாதம் சென்றபின் 21. மறதி முதலில் பாய்ந்து வருகிறது. பிறகு நடை தளர்கிறது. அவர் கண்ட மற்றோர் உண்மையும் உண்டு. பன்னிரண்டு அசைகளை ஒரே மூச்சில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாள்களில் பகிர்ந்து 38 முறை ஓதியே பெற முடிந்தது.

ஹிப்ழு வகுப்பில் புதுப் பாடத்தோடு பழைய பாடத்தையும் அன்றாடம் தவ்ர் ஓதச் செய்வதன் நுட்பம் இதுவே. மனனம் செய்த குர்ஆனைக் கட்டி வைத்த ஒட்டகத்துக்கு ஒப்பிட்டு, பேணினால்தான் தங்கும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியதும் நாம் அறிந்ததே. ‘ஹிப்ழு’ என்ற சொல்லுக்கே காத்தல் என்றுதானே பொருள்!

தந்தை ஒருவர் தம் மகனை நம்மிடம் அழைத்து வந்தார். “நேற்று வீட்டில் தடையின்றி ஓதியவன், இன்று விழிக்கிறான் ஹஜ்ரத்! வேண்டுமென்றே செய்கிறான். நாலு அடி போடுங்கள்” என்றார். சிறுவனின் கண்கள் மூலையிலிருந்த பிரம்பின்மேல் இருந்தன. அதை அப்புறப்படுத்திவிட்டு, வசனத்தின் முதற் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தோம். பக்கம் முழுவதையும் ஓதி முடித்தான். பாடம் பதிந்திருந்தது, தங்கியும் இருந்தது. மீட்கும் வழியை அச்சம் அடைத்திருந்தது. அச்சம் மீட்டலுக்குப் பகை என்பதை உளநூலாரும் எடுத்துரைக்கின்றனர்.

தராவீஹ் தொழுகையில் தேர்ந்த ஹாபிழும் ஓரிடத்தில் தடுமாறுவதுண்டு. பின்னிருப்பவர் ‘லுக்மா’ கொடுக்கிறார்; ஓதல் தொடர்கிறது. லுக்மா என்றால் ஒரு கவளம். தடுமாறிய இமாமுக்குக் கவளமும், தடுமாறிய பத்து வயதுப் பாலகனுக்குப் பிரம்படியுமா? அடிக்கு அஞ்சி ஓதலையே வெறுத்து நிற்கும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் இழந்தது ஒரு பக்கத்தை மட்டுமன்று.

எனவே பெற்றோரே, பிள்ளை தயங்கினால் ஒரு சொல்லை எடுத்துக் கொடுங்கள். ஓதினால், குறை மீட்டலில், அச்சத்தைப் போக்குங்கள். ஓதாவிடில், குறை பதித்தலிலோ இருத்துதலிலோ. அன்றே சிறிதும் மறுநாள் சிறிதுமாக மீண்டும் ஓதச் செய்யுங்கள். மறந்ததை மறுபடி கற்க முன்னளவு உழைப்பு வேண்டுவதில்லை என்பதை எபிங்ஹாஸின் கணக்கே காட்டுகிறது. முன்பட்ட பாடு முற்றிலும் வீணாவதில்லை. இதை முதலில் பிள்ளையிடம் சொல்லுங்கள்.