பார்க்காமல் போட்ட கையெழுத்து

நர்சிங் மாணவிகளின் லாக் புக்கில் நான் போட்டிருக்கும் கையெழுத்துகளில் பாதிக்கு மேல் பொய். ஊசி போட்டேன், சிறுநீர்க் குழாய் செருகினேன், பிரசவம் பார்த்தேன் என்று அவர்கள் எழுதிக்கொண்டு வந்த வரிகளுக்கு எதிரே, அதைக் கூட நின்று பார்த்ததற்கு அடையாளமாக என் சுருக்கொப்பம் இருக்கிறது. பல நேரம் நான் அந்த வார்டிலேயே இல்லை. சில நேரம் அந்த மாணவியும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இல்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. எம்.எஸ்சி. படித்தபோது நர்சிங் எஜுகேஷன் தாளில் ஜார்ஜ் மில்லரின் பிரமிடைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். 1990-ல் அவர் சொன்னது எளிய விஷயம். ஒன்றை அறிவது கீழ்ப்படி. எப்படிச் செய்வதென்று அறிவது அடுத்த படி. செய்து காட்டுவது அதற்கு மேல். யாரும் பார்க்காதபோதும் வேலையில் அதைச் செய்வதுதான் உச்சி. அந்த உச்சியை மாணவி தொட்டாளா என்று பார்ப்பதற்குத்தான் கிளினிக்கல் டியூட்டர் என்று ஒருத்திக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டுப் படிப்பில் கடைசி இரண்டு ஆண்டுகள்தான் கனமானவை. பேறுகாலம், குழந்தை நலம், தீவிர சிகிச்சை எல்லாம் அப்போதுதான் கைக்கு வரவேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் பழைய பாடத்திட்டப்படி ஒரு மாணவி 30 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, 20 சுகப்பிரசவம் பார்த்து, பேறுவாயை அகலப்படுத்தும் 5 எபிசியோடமி வெட்டுகளைப் போட்டுத் தைத்திருக்க வேண்டும். காகிதத்தில் அருமையான கணக்கு. ஆனால் எங்கள் பிள்ளைகள் போஸ்டிங் போன லேபர் வார்டில் எங்கள் கல்லூரி மட்டும் இல்லை. வேறு நர்சிங் கல்லூரிகள், டிப்ளமோ மாணவிகள், ஹவுஸ் சர்ஜன்கள் என எல்லோருக்கும் பிரசவம் வேண்டும். எங்கள் பேருந்து காலையில் வந்து மதியம் திரும்பிவிடும். குழந்தைகள் அந்த நேரம் பார்த்துப் பிறப்பதில்லை.

ஆகவே ஒரு தாயின் ஐ.பி. (உள்நோயாளி) எண் நாலைந்து பேர் புத்தகத்தில் ஏறும். குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்தவள் ஒருத்தி. மற்றவர்கள் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர்கள். எல்லோருக்கும் ‘தானே செய்தது’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். எண்ணிக்கை நிறையாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், ஒரு பெண்ணின் வருடம் வீணாகலாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாளைக்கு அவள் தனியாக நிற்கும் பிரசவ அறையில் படுத்திருக்கப்போகும் பெண்ணை நினைத்து எனக்கு இரக்கம் வந்ததில்லை.

பிரசவமாவது அரிதாகக் கிடைப்பது. கிடைக்கவில்லை, எழுதினார்கள் என்று சொல்லலாம். எந்த வார்டிலும், எந்த நோயாளியிடமும், ஒரு பைசா செலவில்லாமல் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒன்றையும் நான் பொய்யாக்கினேன். மூச்சை எண்ணுவது.

நாடி பிடிக்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நோயாளி அறியாமல் மார்பு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் போக்கு மாறிவிடும். டெமோ அறையில் இதை நான் நன்றாகவே சொல்லிக்கொடுப்பேன். வார்டுக்குள் வந்ததும் கதை வேறு. ரவுண்ட்ஸ் வருவதற்குள் சார்ட் நிரம்ப வேண்டும், கேர் பிளான் எழுத வேண்டும், பதினொன்றுக்குக் கேஸ் பிரசென்டேஷன். “வைட்டல்ஸ் சீக்கிரம் முடிங்கம்மா” என்பேன். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, பிரஷருக்கு மிஷின் இருக்கிறது. மூச்சுக்கு ஒரு நிமிடத்தைத் தவிர வேறு கருவி கிடையாது. நான் பறித்துக்கொண்டது அந்த ஒரு நிமிடத்தைத்தான். மாணவிகள் எல்லோருக்கும் 20 என்று எழுதினார்கள். நான் படித்த காலத்தில் சீனியர் அக்கா எனக்குச் சொன்னதும் அதே 20 தான்.

எழுத வசதியான எண் அது. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்பதால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் 12 முதல் 20 வரை பூஜ்யம். 21 ஆனால் 2 மதிப்பெண், 25-ஐத் தொட்டால் 3. பிரஷர் இறங்குவதற்கு முன்பே பல நோயாளிகளின் உடம்பு மூச்சில்தான் முதல் புகாரைச் சொல்கிறது. வகுப்பில் இதை அட்டவணை போட்டு விளக்கியவளும் நானே.

ஒரு சர்ஜிக்கல் வார்டில், வயிற்று ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த பெரியவரின் சார்ட்டில் காலை முழுக்க 20, 20, 20. மதியம் வந்த ஹவுஸ் சர்ஜன் எண்ணிப் பார்த்தால் முப்பதைத் தாண்டியிருக்கிறது. பெரியவரை ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிழைத்தார். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

காலை என்ட்ரி யார் போட்டது என்று வார்டு சிஸ்டர் கேட்டார். கடைசி வருடப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். “எண்ணினியா?” என்று கேட்டேன். “இல்ல மேம்” என்றாள். “எத்தனை வாட்டி சொல்லிக்கொடுத்திருக்கேன்!” என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம்தான் அவள் புத்தகத்தில் வைட்டல் சைன்ஸ் வரிக்கு எதிரே ‘தனியாகச் செய்யத் தகுதி உண்டு’ என்று பேருந்தில் உட்கார்ந்தபடி, அடுக்கோடு அடுக்காகக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவள் மூச்சை எண்ணி நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை.

விளக்கக் கடிதம் கேட்டார்கள். அவளுக்கு வார்த்தை வரவில்லை என்று நானே சொல்லச் சொல்ல எழுதினாள். ‘எனது கவனக்குறைவால்’ என்ற சொற்கள் நான் கொடுத்தவை. அந்தக் கடிதத்தில் என் பெயர் எங்கும் இல்லை. வராதபடி பார்த்துக்கொண்டேன். பொய்க் கையெழுத்துகளைவிடக் கேவலமானது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது பெருமூச்சுதான் விட்டேன்.

அதோடு திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகும். அதன் பிறகும் கொஞ்ச காலம் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு டியூட்டருக்குப் பத்து மாணவிகள் என்பது விதி. என் பொறுப்பில் மூன்று வார்டுகளில் அதைவிட அதிகம் பேர் சிதறி நின்றார்கள், உண்மைதான். இன்ஸ்பெக்ஷன் ஃபைல் எழுதுவதும் என் தலையில்தான் விழுந்தது. ஆனால் எத்தனை பேரைப் பார்க்க முடிந்ததோ அத்தனை பேருக்கு மட்டும் கையெழுத்துப் போடுவதை யாரும் தடுக்கவில்லை. மீதிக் கட்டங்களைக் காலியாக விட்டிருந்தால் ஆள் போதவில்லை என்பது அந்தப் புத்தகத்திலேயே தெரிந்திருக்கும். நிரப்பியே அதை மறைத்தேன்.

2021-ல் திருத்திய பாடத்திட்டம் செமஸ்டர் முறையோடு சிமுலேஷன் லேபையும் ஆஸ்கி தேர்வையும் உள்ளே கொண்டுவந்தது. 1975-ல் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் தொடங்கிவைத்த தேர்வு முறை அது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மணி அடித்தால் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். நல்ல முறை. ஆனால் தேர்வாளர் எதிரில் நிற்கும்போது எல்லாப் பெண்களும் ஒரு நிமிடம் முழுக்க எண்ணுவார்கள். வார்டில் காலை ஏழு மணிக்கு எண்ணுகிறார்களா என்பதை அந்த மணி சொல்லாது. பக்கத்தில் நிற்கிற டியூட்டர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது இரண்டு மாணவிகளை ஒரே நோயாளியின் இரு பக்கமும் நிறுத்தி ஒரே நிமிடத்தை எண்ணச் சொல்கிறேன், நானும் எண்ணுகிறேன். மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்துப் பேசுகிறோம். லேபர் வார்டுக்கு நைட் போஸ்டிங் கேட்டு வாங்கினேன். எட்டிப் பார்த்தவளுக்கு ‘பார்த்தது’ என்ற கட்டத்தில் மட்டும்தான் கையெழுத்து. புத்தகம் நிறையவில்லை என்று மாணவிகளுக்கு என்மேல் கோபம். பெற்றோர் சிலர் நேரிலேயே வந்து கேட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முந்தைய பேட்சுகளுக்குத் தாராளமாகக் கொடுத்தவள்தானே நான்.

அந்த முந்தைய பேட்சுகள்தான் என்னால் திருத்த முடியாத பகுதி. என் கையெழுத்தை நம்பிப் பதிவு பெற்றவர்கள் இங்கேயும் வளைகுடாவிலும் டியூட்டி பார்க்கிறார்கள். பெரும்பாலோர் வேலையில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டிருப்பார்கள். கற்றது யார் உடம்பின் மேல் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கடிதம் எழுதிய அந்தப் பெண்ணின் நம்பர் என்னிடம் இருக்கிறது. இதுவரை கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு முன் கல்லூரி ஃபைலில் இருக்கும் அந்தக் கடிதத்தோடு என் விளக்கத்தையும் எழுதிச் சேர்க்க வேண்டும்; அதைச் செய்யாமல் போனில் அழுவது எனக்கு மட்டும்தான் ஆறுதல். விளக்கத்தை எழுதிவிட்டேன். பிரின்சிபாலிடம் கொடுக்க இன்னும் துணிவு வரவில்லை.