பேரனின் பாதங்கள்

என் பேரனுக்கு ஆட்டிசம் என்று நாலு வயதில்தான் சொன்னார்கள். அதற்கு வெகு முன்பே எங்களுக்கு ஒன்று தெரியும், அவனைத் தொட முடியாது. தலையைக் கோதினால் கத்துவான். கன்னத்தில் விரல் பட்டால் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பான்.

கைக்குழந்தையாக இருந்தபோது என் மனைவி காலில் போட்டு நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். அப்போதும் அலறுவான். எந்தக் குழந்தைதான் அழாது என்று விட்டுவிட்டோம். இந்தத் தேய்ப்பைக் கல்கத்தாவில் பார்த்து வியந்துதான் பிரெஞ்சு மருத்துவர் லெபோயே 1976இல் 'ஷாந்தலா' என்று ஒரு புத்தகமே போட்டார். பிரெஞ்சில் படித்த பையன் என்பதால் நானும் அதை வாங்கி வாசித்தேன். நம் வீட்டுக் கிழவிகள் செய்வதைப் பாரிசிலிருந்து வந்து சொல்ல வேண்டியிருக்கிறதே என்று சிரித்தேன். பேரன் விஷயத்தில் புத்தகமும் உதவவில்லை, கிழவியும் உதவவில்லை.

பிறகு ஒருவர் வந்தார். நாற்பது நாள் எண்ணெய் தேய்த்தால் பேச்சு வந்துவிடும் என்றார். பணமும் வாங்கிக்கொண்டார். பையன் திமிறாமல் இருக்க யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். கால்களைப் பிடித்தவன் நான்தான். மூன்றாம் நாள் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்ததுமே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். அன்றோடு நிறுத்தினோம். அதன் பிறகு பல மாதம் என் பக்கத்திலேயே அவன் வரவில்லை.

அவனுக்குப் பயிற்சி தரும் பெண்தான் விளக்கினாள். "இதனால் ஆட்டிசம் போகாது தாத்தா, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்" என்றுதான் ஆரம்பித்தாள். இப்படிப்பட்ட குழந்தைகளில் பலருக்கு லேசாகத் தடவுவது எறும்பு ஊர்வது போல இருக்குமாம். அழுத்தமாக, மெதுவாகப் பிடித்தால் சிலருக்கு உடம்பு அடங்குமாம். அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற அம்மையாருக்கே ஆட்டிசம் உண்டு. மாடுகளை ஊசிபோட நிறுத்தும் கூண்டைப் பார்த்துவிட்டு, தன் உடம்பை அழுத்திக்கொள்ள இளம் வயதிலேயே ஒரு பெட்டி செய்துகொண்டவர் அவர்.

எண்ணெய் வேண்டாம், உடுப்பின் மேலேயே போதும் என்றாள். பாதத்தில் தொடங்க வேண்டும். தொடுமுன் கையைக் காட்ட வேண்டும். அவன் இழுத்துக்கொண்டால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும்.

முதலில் மருமகள்தான் செய்தாள், இரவு தூங்கப் போகுமுன். நான் வாசற்படியோடு சரி. போன கார்த்திகையில் ஒரு மழைநாள், அவள் வேலையிலிருந்து வரத் தாமதம். நான் சாய்வு நாற்காலியில் இருந்தேன். வந்து தரையில் உட்கார்ந்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டே ஒரு காலைத் தூக்கி என் மடியில் வைத்தான்.

கையைக் காட்டினேன். பிறகு பிடித்தேன்.

இப்போது பெரும்பாலும் என் முறைதான். நேற்று ஏழு நிமிடம். காலை இழுத்துக்கொண்டான். விட்டுவிட்டேன்.