புகை குறைந்ததா, உருமாறியதா?

ஒரு குவார்ட்ஸ் குழாய், அதன் நடுவே எஃகுக் கம்பி, வெளியே சுற்றிய செம்பு வலை. டீசல் ஜெனரேட்டரின் புகையை இதற்குள் செலுத்தி, பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் மாறுமின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே ஊதா ஒளி படரும். எங்கள் ஆய்வுமேசையில் பிளாஸ்மா என்றால் இதுதான். எலக்ட்ரான்கள் மட்டுமே வேகமெடுக்கும், புகையின் சூடு பெரிதாக ஏறாது. மின்சாரம் ஒரே பெரும்பொறியாகப் பாயாமல் நுண்ணிய இழைகளாகப் பிரியக் காரணம் இடையிலுள்ள குவார்ட்ஸ் சுவர். 1857இல் வெர்னர் ஃபான் சீமென்ஸ் ஓசோன் தயாரிக்க வகுத்த முறையின் வழிவந்தது இது.

இக்கருவியால் நாங்கள் நீக்க முயல்வது புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடை. பெட்ரோல் காரின் வினையூக்கியை டீசலுக்கு வைத்தால் அது போகாது. டீசல் புகையில் எரிதலில் செலவாகாத ஆக்சிஜன் ஏராளமாக மிஞ்சியிருப்பதே காரணம். பிளாஸ்மாவுக்கும் இடையூறு அதே ஆக்சிஜன்தான். ஆக்சிஜன் மூலக்கூற்றைப் பிளக்க ஏறத்தாழ 5 எலக்ட்ரான்வோல்ட் போதும். நைட்ரஜனுக்கு 10 வேண்டும். எனவே முதலில் உடைவது ஆக்சிஜன். அது நைட்ரிக் ஆக்சைடைப் பற்றி நைட்ரஜன் டை ஆக்சைடாக்கிவிடுகிறது.

கருவியில் நைட்ரிக் ஆக்சைடு அளவு மளமளவென்று இறங்கும்போது புதிதாக வரும் மாணவர்கள் மகிழ்ந்துபோவார்கள். இரண்டு வாயுக்களின் கூட்டுத்தொகையைப் பார்க்கச் சொல்வேன். அது பெரும்பாலும் அசைந்திருக்காது. உருவான டை ஆக்சைடோ நுரையீரலுக்கு இன்னும் கொடியது. இத்துடன் நிறுத்தினால் நாம் செய்தது சுத்திகரிப்பே அல்ல.

ஆனால் இந்த உருமாற்றமே அடுத்த கட்டத்துக்கு வழிதிறக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு எளிதில் பிடிபடாது. டை ஆக்சைடைப் பரப்பில் ஒட்டவைக்கலாம், காரநீரில் கரைக்கலாம், வினையூக்கியின் மேல் நைட்ரஜனாக மாற்றலாம். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பிளாஸ்மாவுக்குப் பின்னே அலுமினிய ஆலைக் கழிவான செம்மண்சேற்றை வைத்து ஆய்ந்திருக்கிறார்கள். ஒரு தொழிலின் கழிவைக் கொண்டு இன்னொன்றின் நஞ்சைப் பிடிக்கும் அந்தச் சிந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. டை ஆக்சைடால் இன்னொரு நன்மையும் உண்டு: ஆக்சிஜனில் எரிய 550 பாகை செல்சியசுக்கு மேல் கேட்கும் கரித்துகள், டை ஆக்சைடு இருந்தால் 300 பாகையை ஒட்டியே எரியத் தொடங்கும்.

அன்றாட வேலையில் கரிதான் பெரிய தொல்லை. அது மின்சாரத்தைக் கடத்தும். குழாய்ச் சுவரில் படிந்தால் மின்னிழைகள் ஒரே இடத்தில் குவிந்து குவார்ட்சே விரிசல் காணும். குளிர்ந்த முனையில் புகையின் நீராவி படிந்தாலும் மின்சாரம் வெளிப்புறமாகத் தாவிவிடும். ஆகவே முன்வடிகட்டியும் குழாயைச் சூடாக வைப்பதும் இன்றியமையாதவை.

பிறகு மின்கணக்கு. வினாடிக்கு 10 லிட்டர் புகை, லிட்டருக்கு 30 ஜூல் என்றால் 300 வாட். 5 கிலோவாட் ஜெனரேட்டரில் அது 6 விழுக்காடு. அந்த மின்சாரமும் டீசல் எரித்து வந்ததே. கூடுதலாக எழும் புகையையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

2020 முதல் பி.எஸ். 6 மாசு விதிப்படி வரும் லாரிகளில் நைட்ரஜன் ஆக்சைடுகளை நீக்கும் வேலையை யூரியா கரைசல் சிறப்பாகச் செய்கிறது. ஆனால் புகை 200 பாகைக்குக் கீழே இருந்தால் அது தடுமாறும். பிளாஸ்மாவுக்கு அந்தச் சூடு தேவையில்லை. குறைந்த சுமையில் ஓடும் ஜெனரேட்டர்களுக்கு இதைக் கொண்டுசேர்க்க முடியும் என்று நம்புகிறேன். அதற்கு முன் ஒவ்வொரு சோதனையும் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும்: மறைந்த நைட்ரஜன் எந்த வடிவில் வெளியே போனது? அதற்கு எவ்வளவு டீசல் செலவானது?