வைக்கோலில் ஒளிந்த சர்க்கரை

புதுச்சேரிக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் கடற்கரையில் உலாவுவார்கள். மணக்குள விநாயகரைத் தரிசிப்பார்கள். நேரான வீதிகளையும் மஞ்சள் பூசிய பிரெஞ்சு மாளிகைகளையும் கண்டு வியப்பார்கள். இன்னும் சிலர் அவ்வூருக்குப் போகும் நோக்கமே வேறு. சாராயத்துக்குப் பேர்போன ஊர் அல்லவா? நாம் பேசப்போவதும் ஒருவகைச் சாராயத்தைப் பற்றித்தான். ஆனால் நேயர்கள் அஞ்ச வேண்டாம். இது மனிதர் குடிப்பதன்று, மோட்டார் வண்டி குடிப்பது!

நகரின் தெற்கு ஓரத்தில் உள்ள தாவரத் தோட்டத்திலிருந்து புறப்படுவோம். 1826-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் அமைத்த தோட்டம் இது. சாமுவேல் பெரோத்தே என்னும் தாவர சாஸ்திரி இதில் பல்லாண்டுகள் உழைத்து, 1870-இல் புதுவையிலேயே காலமானார். இத்தோட்டம் தோன்றுவதற்கு ஏழாண்டுகள் முன்பு, பிரான்ஸ் தேசத்தில் நான்ஸி நகரத்துத் தாவரத் தோட்டத்தின் தலைவரான ஆன்ரி பிராகொன்னோ என்பவர் ஒரு விந்தை புரிந்தார். மரத்தூள், வைக்கோல், கந்தல் துணி ஆகியவற்றைக் கந்தகத் திராவகத்தில் கரைத்து, நீர் சேர்த்துக் காய்ச்சி, சுண்ணாம்புப் பொடியால் புளிப்பை நீக்கினார். எஞ்சியது தித்திப்பான சர்க்கரை!

இதில் மாயம் ஒன்றுமில்லை. செடியின் நார் என்பது சர்க்கரை மணிகளைக் கோத்த மாலை. அதற்குச் செல்லுலோஸ் என்று பெயரிட்டவரும் ஒரு பிரெஞ்சுக்காரரே. பேயன் என்பவர். அரிசியில் உள்ளவையும் அதே மணிகள்தாம். முடிச்சு மட்டும் வேறு. அரிசியின் முடிச்சை நம் வயிறு அவிழ்த்துவிடும். வைக்கோலின் முடிச்சை அவிழ்க்காது. பசுவின் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு அந்த வித்தை தெரியும். ஒன்பது பலம் சுத்தமான நார் முழுதும் அவிழ்ந்தால், நீரும் உடன் சேர்வதால், பத்துப் பலம் சர்க்கரை கிடைக்கும் என்பது ரஸாயனக் கணக்கு.

தோட்டத்தை விட்டுக் கடலூர் சாலையில் சென்றால் முதலியார்பேட்டையில் ஊரார் 'ரோடியர் மில்' என்று அழைக்கும் ஆங்கிலோ பிரெஞ்சுப் பஞ்சாலையைக் காணலாம். 1898-இல் தோன்றிய அந்த ஆலை 2020-இல் மூடப்பட்டது. அங்கே நூலாகிய பஞ்சு, பத்தில் ஒன்பது பங்கு செல்லுலோஸ். அப்பஞ்சை உடுத்து மானம் காத்தோம். அது சர்க்கரையின் மறு உருவம் என்று நம்மில் யார் நினைத்தோம்?

திராவக முறையில் ஒரு சங்கடம் உண்டு. அது பாத்திரத்தை அரிக்கும்; விளைந்த சர்க்கரையையும் கெடுக்கும். மாற்று வழியைக் காட்டியது ஒரு பூஞ்சணம். இரண்டாம் உலக யுத்தத்தில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரங்களும் உடைகளும் மக்கிப்போயின. அந்நாசத்தை ஆராய்ந்தவர்கள், சாலமன் தீவுகளிலிருந்து வந்த ஒரு பூஞ்சணம் நாரைக் கரைக்கும் நொதியைச் சுரப்பதைக் கண்டார்கள். ஆராய்ச்சியாளர் எல்வின் ரீஸின் பெயரே பின்னர் அதற்கு இடப்பட்டது. கூடாரத்தைத் தின்ற சத்துரு, ஆலைக்கு ஊழியனானான். இன்று வைக்கோலை நீராவியாலும் சிறிது அமிலத்தாலும் இளக்கி, இத்தகைய நொதியால் சர்க்கரையாக்கி, ஈஸ்டு கொண்டு எரிசாராயம் ஆக்குகிறார்கள். மிஞ்சும் லிக்னின் கொதிகலனுக்கு விறகாகும்.

நம் தேசத்தில் ஹரியானாவிலுள்ள பானிப்பட்டில் 2022 ஆகஸ்டு 10-ஆம் தேதி இத்தகைய ஆலை ஒன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எரிசாராயம் எடுப்பது அதன் திட்டம். அந்நிய எண்ணெயை நம்பி வாழும் நமக்கு இது சுதேசி முயற்சியே. அதனினும் முக்கியம் வேறொன்று. பெட்ரோலில் கலப்பதற்காக இப்போது கரும்பும் அரிசியும் மக்காச்சோளமும் பெருமளவில் எரிசாராயமாகின்றன. உண்ணும் தானியத்தை வண்டிக்கு ஊட்டுவதைவிட, உண்ண முடியாத தாளை ஊட்டுவது நியாயமன்றோ?

இவ்வெண்ணத்துடன் அரியாங்குப்பம் தாண்டி, புதுவையின் நெற்களஞ்சியமாகிய பாகூருக்குப் போவோம். அறுவடை முடிந்த வயலைப் பார்த்ததும், "எவ்வளவு சர்க்கரை வீணாகிறது!" என்று கூவத் தோன்றும். சற்றுப் பொறுக்க வேண்டும். பாகூர் வைக்கோல் வீணன்று. அது பசுவின் ஆகாரம். வயலில் விட்ட தாளும் மண்ணுக்கு உரம். பானிப்பட்டைச் சூழ்ந்த வட்டாரத்தில் வைக்கோலைக் கொளுத்திப் புகைமூட்டம் உண்டாக்குகிறார்கள். அங்கே ஆலை மருந்தாகும். அதே மருந்தை ஆராயாமல் இங்கே கொடுத்தால், மாட்டின் வாயிலிருந்து பிடுங்கியதாக முடியும்.

ஆகையால், 'கழிவு' என்று ஒன்றைச் சொல்லுமுன், அது யாருக்குக் கழிவு என்று கேட்க வேண்டும். பசுவும் மண்ணும் உண்டு மிஞ்சியது எவ்வளவு? தோட்டத்துச் சருகு, நிலக்கடலைத் தோல், வயலில் எரிக்கப்படும் கரும்புச் சோகை இவற்றில் கிடைப்பது எவ்வளவு? இக்கணக்கைக் குடியானவரை வைத்துக்கொண்டே போட வேண்டும். புதுவை வட்டாரத்தில் லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் அரவை நின்றபோது எத்தனை குடும்பங்கள் தவித்தன! பஞ்சாலைக் குடும்பங்களின் கதியும் அதுவே. புதிய கைத்தொழில் எது வந்தாலும், அக்குடும்பங்களுக்கு வேலையும் தாள் கொடுப்பவருக்கு நியாயமான விலையும் அளித்தால்தான் அது தேசத்தின் செல்வமாகும்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்றார்கள் நம் முன்னோர். துரும்புக்குள் சர்க்கரையும் இருக்கிறது என்று விஞ்ஞானம் காட்டிவிட்டது. அதைப் பங்கிடும் நீதியைக் காட்ட வேண்டியவர்கள் நாம்.