நூறு டன் எந்திரம்

எவர்சில்வர்ப் பாத்திரத் தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர்கள் அவ்வப்போது நம்மைத் தேடி வருவதுண்டு. அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “பவர் பிரஸ் வாங்கலாமா, ஹைட்ராலிக் பிரஸ் வாங்கலாமா?” நாம் உடனே விடை சொல்வதில்லை. என்ன செய்யப் போகிறீர்கள், அதன் உயரம் என்ன என்று திருப்பிக் கேட்கிறோம். 1997 ஆம் ஆண்டில் இந்தக் கேள்வியை நம்மிடம் எவரும் கேட்கவில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேளாமற்போன அக்கேள்விக்கு வேறொருவருடைய பிள்ளை விலை கொடுக்க நேர்ந்தது.

மர்ஹூம் வாப்பா அவர்கள் கீழக்கரையிலிருந்து சென்னைக்கு வந்து பாரிமுனையில் பாத்திரக் கடை வைத்தவர்கள். பிறர் செய்ததை விற்பதோடு நில்லாமல் நாமே செய்யவும் வேண்டும் என்பது அவர்களது நெடுநாளைய ஆசை. 1984 இல் அம்பத்தூரில் ஒரு சிறு பட்டறை எழுந்தது. இரண்டு சிறிய பவர் பிரஸ்கள். தட்டுகள், மூடிகள், சிறு கிண்ணங்கள். பதின்மூன்று ஆண்டுகள் குறையொன்றுமின்றி நடந்தது. பின்னர் மொத்த வியாபாரி ஒருவர் தூக்குவாளி கேட்டார்: 160 மில்லிமீட்டர் அகலம், 120 மில்லிமீட்டர் உயரம்.

நம் காக்கா பழைய எந்திரங்கள் விற்குமிடத்தில் ஒரு பவர் பிரஸ்ஸைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதன் நெற்றியில் பித்தளைத் தகடு. தகட்டில் ‘100 டன்’ என்று பொறிக்கப்பட்டிருந்தது. நமக்கு வேண்டிய விசையைக் கணக்கிட்டோம். பாத்திரத்தின் சுற்றளவை 0.8 மில்லிமீட்டர் தகட்டுக் கனத்தாலும் உலோகத்தின் இழுவலிமையாலும் பெருக்கினால் 25 டன் அளவில் வந்தது. தகடு சுருங்காதபடி அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் அழுத்தத்தையும் சேர்த்தால் 33 டன். “முப்பத்துமூன்றுக்கு நூறு இருக்கிறதே தம்பி, இன்னும் என்ன வேண்டும்?” என்றார்கள் காக்கா. புதிய ஹைட்ராலிக் பிரஸ் அதைவிட இரண்டரை மடங்கு விலை. அதன் தகட்டிலோ வெறும் 60 டன் என்றே இருந்தது. நமக்கும் காக்காவின் கணக்கே சரியெனப் பட்டது.

கணக்கில் பிழையில்லை. அந்த நூறு டன் எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் நாம் பார்க்கவில்லை. பவர் பிரஸ்ஸில் மோட்டார் ஒரு கனத்த சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் கிளட்ச் பிடித்து, அந்தச் சக்கரத்தின் வேகம் கிராங்க் வழியாக மேலிருக்கும் தலையைக் கீழே இறக்கும். கிராங்க் அடிப்புள்ளியை நெருங்கும்போதுதான் தலைக்கு முழு வலிமையும் உண்டு. நாம் வாங்கிய எந்திரத்திற்கு அடிப்புள்ளிக்கு 6 மில்லிமீட்டர் மேலே 100 டன். அதன் மொத்த ஓட்டம் 250 மில்லிமீட்டர். ஏறத்தாழப் பாதி ஓட்டத்தில், அதாவது 120 மில்லிமீட்டர் உயரத்தில், அதே எந்திரம் தாங்கக்கூடியது 30 டன் அளவே. மூடி செய்பவனுக்கு இது ஒரு பொருட்டன்று. அவன் வேலை கடைசிச் சில மில்லிமீட்டரில் முடிந்துவிடும். வாளிக்கோ தலை தகட்டைத் தொட்ட கணத்திலிருந்தே விசை தேவை. அதைவிடப் பெரிய குறை, சக்கரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல். 6 மில்லிமீட்டர் தூரம் 100 டன் தள்ளுவதற்கென அமைந்த சக்கரத்திடம், 120 மில்லிமீட்டர் தூரம் விடாமல் இழுக்கச் சொன்னால் மூன்று மடங்குக்கு மேல் வேலை கேட்கிறோம் என்று பொருள். ஐந்தாவது வாளியிலேயே சக்கரம் தளர்ந்தது. ஒன்பதாவது வாளியில் பாதிவழியில் நின்றது.

ஹைட்ராலிக் பிரஸ்ஸின் நடைமுறை வேறு. 1795 இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். பூட்டுச் செய்வதிலும் பெயர் பெற்றவர் அவர். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் ஒரே அளவாகப் பரவும் என்பதே அடிப்படை. 19 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 210 கிலோ அழுத்தத்தில் எண்ணெயைச் செலுத்தினால் ஏறத்தாழ 60 டன் கிடைக்கும். அந்த அறுபதும் ஓட்டத்தின் தலைப்பிலும் அறுபது, நடுவிலும் அறுபது, அடியிலும் அறுபது. சிறிய எண்ணைப் பொறித்திருந்த எந்திரமே நம் வேலைக்குப் பெரியது என்பதைப் பணம் கொடுத்து முடித்த பின்னரே உணர்ந்தோம்.

வாங்கியதை விடமுடியுமா? ஒரே இழுப்பில் செய்வதைக் கைவிட்டு இரண்டாகப் பிரித்தோம். முதலில் 200 மில்லிமீட்டர் அகலத்தில் 78 மில்லிமீட்டர் ஆழம். அதைக் காய்ச்சிப் பதப்படுத்திய பின் இரண்டாம் இழுப்பில் 160. உண்மையில் இப்பாத்திரத்திற்கு 320 மில்லிமீட்டர் வட்டத்தகடு வேண்டும். 320 ஐ ஒரே அடியில் 160 ஆக்குவது எவர்சில்வரின் பொறுமையை அதன் எல்லைவரை சோதிப்பதாகும். ஆகவே இரண்டாகப் பிரித்ததில் தவறில்லை. கிழிசல் குறைந்தது, வாளிகள் வந்தன. காக்காவின் முகமும் மலர்ந்தது.

ஆனால் முடிந்த வாளியின் உயரம் 120. தலை முழுவதும் மேலேறிய பின் கிடைக்கும் இடம் 130. இடையில் பத்து மில்லிமீட்டர். வாளியை வெளியே எடுக்க வேண்டுமானால் கையை உள்ளே விட்டு, அடியில் பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். முன்னாலிருந்த காப்புக் கம்பிவலை இதற்கு இடையூறாக இருந்தது. அதைக் கழற்றி வைத்தார்கள். கழற்றியது எவர் என்று கேட்பதில் பயனில்லை. மூன்றாம் நாள் பட்டறைக்குள் சென்றபோது அது சுவரோரம் சாய்ந்திருந்ததை நாம் கண்ணால் கண்டோம். கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று 400 வாளி அனுப்ப வேண்டியிருந்தது.

1999 ஆம் ஆண்டு மார்ச் மாதம். இத்தகைய பழைய பிரஸ்களில் கிளட்ச் என்பது ஒரு சாவி. பெடலை மிதித்தால் அது சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். பற்றிவிட்டால் ஒரு முழுச் சுற்று முடியும்வரை இடையில் நிறுத்த வழியில்லை. சுற்று முடிந்ததும் சாவியை விலக்குவது ஒரு சுருள்வில். அன்று அந்த வில் முறிந்தது. தலை மேலே போய் நில்லாமல் மறுபடியும் இறங்கியது. நம் ஊரிலிருந்து வேலைக்கு வந்திருந்த பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவர், வாளியை எடுக்க இடக்கையை உள்ளே விட்டிருந்தார். இரண்டு விரல்கள் போயின.

ஊருக்குத் தொலைபேசியில் சொல்லும் பொறுப்பு நம்மைச் சார்ந்தது. அந்தத் தம்பியின் உம்மா அழவில்லை. “எந்தக் கை தம்பி? சோத்துக் கையா?” என்று கேட்டார்கள். இல்லை என்றோம். அதற்குப் பின் அவர்கள் ஒன்றும் பேசாதிருந்த அந்தச் சிறு நேரத்தில் நாம் சொல்ல எண்ணியிருந்த சொற்கள் யாவும் மறந்துபோயின. ஈ.எஸ்.ஐ. வழியாக உதவித்தொகை வந்தது; நாமும் நம்மால் இயன்றதைச் செய்தோம். இவற்றை இங்கு விரித்தெழுத மனம் இடந்தரவில்லை.

அவ்வாண்டு இறுதியில் கடையின் பின்பகுதியை விற்று ஹைட்ராலிக் பிரஸ் வாங்கினோம். 60 டன், 500 மில்லிமீட்டர் ஓட்டம். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினாலன்றி இறங்காது. விட்டால் நடுவழியிலேயே நின்றுவிடும். வாளியை எடுக்கத் தாராளமாக இடமுண்டு. காப்பு வலையைக் கழற்றும் தேவையே எழவில்லை. விளிம்புப் பிடியின் அழுத்தத்தை ஒரு திருகினால் கூட்டலாம், குறைக்கலாம்.

இதனால் ஹைட்ராலிக் பிரஸ்தான் உயர்ந்தது என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். காக்கா அதை ‘ஆமை’ என்றே அழைத்தார்கள். பவர் பிரஸ் நிமிடத்திற்கு நாற்பது மூடி அடிக்கும் நேரத்தில் இது ஏழெட்டுக்கு மேல் அடிக்காது. தகட்டை வெட்டும் வேலைக்கு இதைப் பயன்படுத்தினால், தகடு அறுபடும் கணத்தில் எதிர்ப்பு திடீரென அற்றுப்போய் எந்திரம் அதிர்ந்து, குழாய் இணைப்புகள் தளர்கின்றன. சித்திரை வெயிலில் எண்ணெய் கொதிப்பேறும். சீல் தேய்ந்தால் தரையெல்லாம் எண்ணெய். 2012 இன் மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டர் இதன் மோட்டாரை இழுக்கத் திணறியபோது, சிறிய மோட்டாருடன் பழைய பவர் பிரஸ்கள் சிரமமின்றி ஓடின. எண்ணெய் கசிந்தால் தலை தானாகவே மெல்ல இறங்கவும் கூடும். ஆகவே டை மாற்றும்போது முட்டுக்கட்டை வைக்காமல் கைவைப்பதில்லை. மூடிகளுக்கும் தட்டுகளுக்கும் இன்றும் பவர் பிரஸ்களையே வைத்திருக்கிறோம். அந்த நூறு டன் எந்திரத்தையும் விற்கவில்லை. உரசல் கிளட்ச் பொருத்தி, வலையைக் கழற்றினால் ஓடாதபடி செய்து, அது எதற்காகப் பிறந்ததோ அந்த ஆழமற்ற வேலைக்கே விட்டிருக்கிறோம்.

விரலிழந்த தம்பி நம்மை விட்டுப் போகவில்லை. ஹைட்ராலிக் பிரஸ் வந்த நாள்முதல் அதன் பொறுப்பு அவருடையது. சென்ற மாதம் திருப்பூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். மலிவாகக் கிடைக்கும் பிரஸ் ஒன்றின் படத்தைக் கைபேசியில் காட்டினார்; நெற்றித் தகட்டில் 110 டன் என்று தெளிவாகத் தெரிந்தது. நாம் வாய் திறக்குமுன் அந்தத் தம்பி எட்டிப் பார்த்து, “ஓட்டம் எவ்வளவுங்க?” என்றார். இளைஞர் படத்தை இரு விரல்களால் விரித்து விரித்துத் தேடினார். படத்தில் அது இல்லை. விற்பவரைக் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, தேநீரை முழுவதும் குடிக்காமலே எழுந்தார்.