மந்த வாயு

பதினோராம் வகுப்பு வேதியியலில் மந்த வாயுக்களை எல்லோருக்கும் பிடிக்கும். ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான். யாரோடும் சேராது, எதிலும் வினைபுரியாது, அதனால் எழுதிப் பழகச் சமன்பாடும் கிடையாது. (செனானை ஃப்ளோரினோடு சேர்த்துவிட்டார்கள் என்று ஒரு பத்தி வரும், அதைத் தாண்டிவிடுவோம்.)

எதிலும் ஒட்டாத இந்தக் குணம்தான் செனானை ஒரு பெரிய சாட்சியாக ஆக்கியிருக்கிறது. பூமிக்கடியில் அணுகுண்டை வெடித்தால் யுரேனியமோ புளூட்டோனியமோ பிளந்து நூற்றுக்கணக்கான ஐசோடோப்புகள் பிறக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உருகிய பாறையோடு ஒட்டி உள்ளேயே தங்கிவிடும். செனான் விரிசல் கிடைத்தால் மேலே வந்துவிடும். 'இங்கே ஏதோ வெடித்தது' என்பதை நில அதிர்வுமானி சொல்லும். வெடித்தது அணுவா அல்லது மலையளவு சாதாரண வெடிமருந்தா என்பதற்கு நேரடிச் சாட்சி வேண்டுமென்றால் காற்றிடம்தான் போக வேண்டும்.

இப்படிக் காற்றிடம் போய்க் கேட்பது பழைய வழக்கம்தான். 1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத் யூனியன் செமிபலாட்டின்ஸ்கில் தன் முதல் குண்டை வெடித்தது, யாரிடமும் சொல்லவில்லை. செப்டம்பர் 3 அன்று ஜப்பானிலிருந்து அலாஸ்காவுக்குப் பறந்த அமெரிக்க வானிலை விமானத்தின் வடிதாளில் வழக்கத்துக்கு மீறிய கதிரியக்கம் இருந்தது. அதே மாதம் 23ஆம் தேதி ட்ரூமன் உலகத்துக்கே அதை அறிவித்துவிட்டார். அப்போது வெடிப்புகள் திறந்தவெளியில் நடந்தன, பிடிக்கத் தூசு இருந்தது. 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரும்பாலான சோதனைகள் சுரங்கத்துக்குள் போய்விட்டன. வெளியே வருவது அநேகமாக வாயு மட்டும்தான்.

அணு சோதனைகளை முழுமையாகத் தடைசெய்யும் ஒப்பந்தம் 1996இல் வந்தது. அதற்கான கண்காணிப்பு வலையை வியன்னாவிலிருந்து நடத்துகிறார்கள். திட்டமிட்ட 321 நிலையங்களில் 80 காற்றைச் சலிப்பவை, அதில் 40இல் செனான் கருவியும் உண்டு. ஸ்வீடன்காரர்கள் செய்த கருவிக்குப் பெயர் 'சானா'. பெயர் வைப்பதில் பொறியாளர்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான். காற்றை உள்ளிழுத்து, கரியில் செனானைப் பிடித்து, அது சிதைவதை எண்ணுவார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் ஆயிரம் விநாடிக்கு ஒரே ஒரு செனான்-133 அணு சிதைந்தாலும் தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 650 அணுக்கள். இரண்டாவது தடவையும் போட்டுப் பார்த்தேன், அதே விடைதான்.

நான் சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருள் எழுதுகிறவன். அலாரம் அடிக்க வைப்பது சுலபமான வேலை. அடிக்காமல் இருந்தால் எல்லாம் நலமா, சென்சார் செத்துப்போச்சா என்று கண்டுபிடிப்பதில்தான் உயிர் போகும். வட கொரியா விஷயம் அப்படித்தான். 2006 அக்டோபரில் முதல் சோதனை. இரண்டு வாரம் கழித்து, பசிபிக்கைத் தாண்டி, கனடாவின் யெல்லோநைஃப் நிலையத்தில் செனான்-133 சிக்கியது. 2009 மே மாதம் அதைவிடப் பெரிய அதிர்வு. காற்றில் ஒன்றுமே இல்லை. குண்டு பொய்யா, குகையை நன்றாக அடைத்துவிட்டார்களா? செனானை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

2013 பிப்ரவரி 12 அன்று மூன்றாவது சோதனை. வாரக்கணக்கில் மௌனம். செனான்-133 ஐந்தே கால் நாளில் பாதியாகிவிடும், அதனால் எல்லோரும் கைவிட்டிருக்க வேண்டிய நேரத்தில், சுமார் 55 நாள் கழித்து, ஜப்பானின் தகசாகி நிலையத்தில் அது வந்தது. ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. ஆனால் கூடவே செனான்-131எம் வந்தது, அதற்குப் பாதியாகப் பன்னிரண்டு நாள் ஆகும். இரண்டின் விகிதம் ஒரு கடிகாரம் மாதிரி. பின்னோக்கித் திருப்பினால் பிப்ரவரி நடுவில் போய் நிற்கிறது. பிறகு காற்றோட்ட மாதிரியைத் தலைகீழாக ஓட்டுவார்கள்: இந்தக் காற்று நேற்று எங்கே இருந்தது, முந்தாநாள் எங்கே? பழைய கமிட்டுகளில் பின்னால் போய்ப் போய் பக் நுழைந்த இடத்தைத் தேடுவது போல. அது வட கொரியச் சோதனைத் தளத்தோடு பொருந்தியது. சுரங்கத்தைத் திறந்திருக்கலாம் என்று ஊகித்தார்கள்.

இதையெல்லாம் நான் வாசிக்க ஆரம்பித்தது அம்மாவின் எலும்பு ஸ்கேன் சமயத்தில். மார்பகப் புற்று எலும்புக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க டெக்னீசியம்-99எம் ஊசி போட்டார்கள். மூன்று மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். "இன்னைக்குப் பாப்பாவைத் தூக்கக் கூடாதாமேடா?" என்பதுதான் அம்மாவின் ஒரே கவலை. நான் பக்கத்தில் உட்கார்ந்து போனில் டெக்னீசியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பயத்தை வாசித்துத் தீர்க்கும் வியாதி எனக்கு உண்டு.

டெக்னீசியத்தின் தாய் மாலிப்டினம்-99. உலகில் பயன்படும் மாலிப்டினத்தில் பெரும்பங்கை, யுரேனியத்தை உலையில் சில நாட்கள் வைத்து, எடுத்துக் கரைத்துப் பிரிக்கிறார்கள். கரைக்கும்போது செனான் வெளியேறுகிறது. கொஞ்ச நாள் மட்டுமே உலையில் இருந்ததால், அதன் விகிதங்கள் மின் உலையின் செனானைவிட குண்டின் செனானுக்கு நெருக்கமாக இருக்கும். வியன்னாவில் அந்த வரைபடத்தைப் பார்க்கிறவருக்கு இது பெரிய தலைவலி. 'குண்டு' என்று தவறாகச் சொன்னால் ஒரு நாட்டின்மேல் தடையும் படையும் வரலாம். 'மருந்து' என்று தவறாகச் சொன்னால் ஒருவன் தப்பித்துவிடுவான்.

அலாரத்தில் வரும் இரைச்சலை நாங்கள் வடிகட்டி எறிந்துவிடுவோம். இந்த இரைச்சலை எறிய முடியாது. அதில் ஸ்கேன் அறைக்கு வெளியே பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் எல்லோரும் இருக்கிறார்கள். சில மருந்து உற்பத்தியாளர்கள் தாங்களாகவே முன்வந்து, செனானைக் கரித்தொட்டிகளில் நிறுத்தி, சிதைந்து ஓய்ந்த பிறகு வெளியே விடுவதாக உறுதி தந்திருக்கிறார்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்தக் கதையில் எனக்கு அதிகம் பிடித்தவர்கள் இவர்கள்தான்.

வியன்னா தீர்ப்பு எழுதுவதில்லை. தரவைக் கையெழுத்திட்ட நாடுகளுக்கு அனுப்புகிறது, முடிவை அவை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தியா கையெழுத்திடவில்லை. அதற்கு நம் அரசு சொன்ன காரணங்களில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆயுதம் வைத்திருப்பவர்கள் அதைக் கைவிடக் கெடு எதுவும் அதில் இல்லை. ஆனாலும் நம் தலைக்கு மேலே போகும் காற்றைப் பற்றிய பேச்சில் நமக்கு நாற்காலி இல்லாதது உறுத்துகிறது.

அம்மாவின் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்று விளக்கினேன். மறுநாள் காலை பல் தேய்ப்பதற்கு முன்பே பாப்பாவைத் தூக்கிவிட்டார்.