மின்கலப் பிடி

பேராக் மாநிலத்தின் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியர் ஒருவர் பணியாற்றி வந்தார். கற்பிக்கும் கடமையோடு, பள்ளி நிகழ்ச்சிகளைப் படம் எடுக்கும் பொறுப்பும் அவரையே சேர்ந்திருந்தது. அப்பொறுப்பை எவரும் அவருக்கு அளிக்கவில்லை. ஆர்வத்தால் தாமே ஏற்றுக்கொண்டார். விளையாட்டுப் போட்டியாயினும், பொங்கல் விழாவாயினும், பரிசளிப்பு நாளாயினும், கழுத்தில் கேமராவுடன் அவர் முன்னே நிற்பார். அவரிடம் இருந்தது கேனன் இஓஎஸ் 70டி என்னும் இலக்கவியல் கேமரா. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த அதனை, மறு ஆண்டில் தம் சொந்தச் சேமிப்பைக் கொண்டு வாங்கியிருந்தார்.

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பள்ளியில் பரிசளிப்பு விழா நடைபெற்றது. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி தமிழ்மொழிப் பாடத்தில் முதற்பரிசு பெற்றாள். பெற்றோரை இழந்த அவளை வளர்த்தவர் அவளுடைய தாத்தா. பல்லாண்டுகள் பால்மரம் சீவி உழைத்தவர் அவர். பரிசு வாங்கும்போது தாத்தாவும் தன்னோடு மேடைக்கு வரவேண்டும் என்று சிறுமி விரும்பினாள். விழாக் குழுவினரும் இசைந்தனர். வெள்ளை வேட்டியும் சட்டையுமாய் அம்முதியவர் மேடையேறினார். பரிசுக் கிண்ணத்தை இருவரும் சேர்ந்து பற்றினர். ஆசிரியர் பொத்தானை அழுத்தினார். கேமரா இயங்கவில்லை, திரை இருண்டு கிடந்தது. மின்கலம் தீர்ந்துவிட்டது. மாற்றுக் கலமும் கையில் இல்லை. அதற்குள் அடுத்த மாணவரின் பெயர் அழைக்கப்பட்டது. முதியவர் படிகளில் மெல்ல இறங்கிச் சென்றார்.

அன்றிரவு ஆசிரியருக்கு உறக்கம் வரவில்லை. கடைக்காரர்கள் ‘பேட்டரி கிரிப்’ என்று வழங்கும் கருவி அவர் நினைவுக்கு வந்தது. தமிழில் அதனை மின்கலப் பிடி எனலாம். கேமராவின் அடிப்பகுதியில் பொருத்தப்படும் துணைக்கருவி அது. கேமராவின் மின்கல அறை மூடியைக் கழற்றிவிட்டு, பிடியின் மேலெழுந்த தண்டினை அவ்வறைக்குள் செலுத்தி, முக்காலி பொருத்தும் துளையில் திருகாணியை முடுக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். 70டி கேமராவுக்குரிய பிடியின் பெயர் பிஜி-இ14. அதில் எல்பி-இ6 வகை மின்கலங்கள் இரண்டினை இடலாம். அவை இல்லாதபோது, சுவர்க் கடிகாரத்திற்கு இடுகின்ற சாதாரண ‘ஏஏ’ மின்கலங்கள் ஆறினை இட்டும் இயக்கலாம். ‘இது மட்டும் அன்று இருந்திருந்தால்!’ என்று அவர் எண்ணி எண்ணி வருந்தினார். விலை சில நூறு வெள்ளி ஆகும். ஆயினும் வாங்கியே தீர்வது என்று உறுதி கொண்டார்.

ஆண்டிறுதி விடுமுறையில் அவருடைய பழைய மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். அவர் திருமணங்களைப் படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர். அவருடைய கேமராவும் அதே வகையினது. அதன் அடியில் மின்கலப் பிடி பொருத்தப்பட்டிருந்தது. ஆசிரியர் தம் எண்ணத்தைக் கூறினார். மாணவர் உடனே ‘வாங்குங்கள்’ என்று சொல்லிவிடவில்லை.

“ஐயா, உங்களுக்கு வேண்டியது அதிக நேரம் நிற்கும் மின்சக்தியா, கேமராவை நெட்டாகத் திருப்பிப் பிடிக்கும் வசதியா?” என்று வினவினார்.

“இரண்டும்தான், தம்பி” என்றார் ஆசிரியர்.

மாணவர் ஆசிரியரின் கேமராவை வாங்கி, மின்கலத்தின் நிலையைக் காட்டும் பக்கத்தைத் திரையில் வரவழைத்தார். மின்கலம் எந்த அளவுக்கு மின்னேற்றத்தைத் தாங்கும் என்பதை அங்கே மூன்று கட்டங்கள் உணர்த்தும். மூன்றும் பச்சையாயின் கலம் நன்னிலையில் உள்ளது. ஒற்றைச் சிவப்புக் கட்டம் மட்டும் தெரியின் அதனை மாற்றும் காலம் வந்துவிட்டது என்பது பொருள். ஆசிரியரின் கேமராவில் தெரிந்தது ஒற்றைச் சிவப்புக் கட்டமே.

“இந்தக் கலம் முதுமை எய்திவிட்டது, ஐயா. இன்னொன்றும் கேட்கிறேன். படம் எடுக்கும்போது கண்ணை வைத்துப் பார்க்கிறீர்களா, பின்புறத் திரையைப் பார்த்து எடுக்கிறீர்களா?”

“மூக்குக்கண்ணாடி போட்ட பிறகு திரைதான் எளிதாக இருக்கிறது.”

மாணவர் புன்னகை செய்தார். நன்னிலையில் உள்ள கலம் ஒன்றினைக் கொண்டு, கண் வைத்துப் பார்க்கும் காட்சித்துளை வழியே ஏறத்தாழ 920 படங்கள் எடுக்கலாம் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. திரையைப் பார்த்தே எடுத்தால் அது ஏறத்தாழ 210 படங்களாகக் குறைந்துவிடும். கலம் பழையதானால் அதனினும் குறையும். விழா தொடங்கியது முதல் அணைக்கப்படாத திரைதான் அன்று மின்சக்தியை விழுங்கியது என்பது ஆசிரியருக்கு அப்போதுதான் விளங்கியது.

“பிடியைப் பொருத்தினால் இரண்டு கலங்கள் இருக்கும், ஆகவே இரு மடங்கு நேரம் நிற்கும். ஆனால், அதே இரண்டாம் கலத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தாலும் அதே நேரம்தான் நிற்கும். மாற்றுவதற்கு அரை நிமிடம் போதும். இந்தக் கேமராவில் நொடிக்கு 7 படங்கள் என்னும் வேகமும் பிடியினால் கூடாது” என்றார் மாணவர்.

“பின் நீ ஏன் வைத்திருக்கிறாய்?”

“மணமேடையில் அந்த அரை நிமிடமும் எனக்குக் கிடையாது, ஐயா. தாலி கட்டுவதை மறுமுறை கட்டச் சொல்ல முடியுமா? மேலும், நாள் முழுவதும் மணமக்களை நெட்டாகவே எடுக்கிறேன். பிடியில் இன்னொரு பொத்தான் இருப்பதால் முழங்கையைத் தூக்கி மணிக்கட்டைத் திருக வேண்டியதில்லை. நீங்களே சில நாள் வைத்துப் பாருங்கள்” என்று கூறி, தம் பிடியைக் கழற்றிக் கொடுத்துச் சென்றார்.

2019ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் தைப்பூசம். ஆசிரியர் அப்பிடியைப் பொருத்திய கேமராவுடன் பத்துமலைக்குச் சென்றார். 2006ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற, 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் சிலையையும் அதன் அடியில் காவடி சுமந்து வருவோரையும் ஒரே படத்தில் அடக்க வேண்டுமாயின் கேமராவை நெட்டாகத்தான் பிடிக்க வேண்டும். பிடி அவர் கைக்கு இதமாக இருந்தது. ஆனால், முந்தைய ஆண்டில் பல வண்ணம் பூசப்பெற்ற அந்த 272 படிகளிலும் ஏறத் தொடங்கியபோது, கழுத்துப்பட்டை தோலை அறுத்தது. கலம் உட்பட 755 கிராம் எடையுள்ள கேமராவோடு லென்ஸின் கனமும் பிடியின் கனமும் இன்னொரு கலத்தின் கனமும் சேர்ந்துகொண்டன. பாதி வழியில் அவர் நின்று மூச்சு வாங்கினார். எனினும், மணிக்கட்டு வலிக்காத மகிழ்ச்சியே பெரிதாகத் தோன்றியது. பிடிக்கென எடுத்து வைத்த பணத்தை அவர் பெட்டியிலிருந்து எடுக்காமலே வைத்திருந்தார்.

மார்ச்சுப் பள்ளி விடுமுறையில் அந்தச் சிறுமி அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றாள். இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்ட அவள் சற்று வளர்ந்திருந்தாள்.

“ஐயா, தாத்தா போன மாதம் தவறிவிட்டார். மேடையில் நானும் தாத்தாவும் நின்ற படம் உங்களிடம் இருக்கிறதா?” என்று கேட்டாள்.

ஆசிரியர் உண்மையைக் கூறினார். அவள் அழவில்லை. “பரவாயில்லை, ஐயா” என்று மட்டும் சொன்னாள். அச்சொல் அவரை மிகவும் வருத்தியது. அவளை அமரச் செய்து, கணினியைத் திறந்தார். ஐந்தாண்டு நிகழ்ச்சிகளின் பல்லாயிரம் படங்கள் அதில் குவிந்து கிடந்தன. ஆண்டுதோறும், நிகழ்ச்சிதோறும் தேடினார். 2016ஆம் ஆண்டு விளையாட்டுப் போட்டியின் படங்களுக்கிடையே ஒன்று கிடைத்தது. திடலோரத்து மரநிழலில் முதியவர் அமர்ந்திருக்கிறார். பேத்தி வெறுங்காலுடன் ஓடச் சென்றிருக்கிறாள். அவளுடைய வெள்ளைக் காலணிகள் இரண்டும் அவர் மடியில் இருக்கின்றன. ஓடுகளத்தை நோக்கி அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

சிறுமி நெடுநேரம் அப்படத்தைப் பார்த்தாள். பின்னர், “இந்தப் படத்தைத் தாத்தா பார்த்ததே இல்லை, ஐயா” என்றாள்.

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஆசிரியருக்கு அது ஒரு தீர்ப்பாகவே அமைந்தது. மூன்றாண்டுகளாக அப்படம் அவர் வீட்டிலேயே இருந்தது. அச்சிட்டுக் கொடுக்கச் சில காசுகளே ஆகியிருக்கும். மின்கலம் தீர்ந்ததால் எடுக்க முடியாமற்போன ஒரு படத்திற்காக அவர் பல இரவுகள் வருந்தினார். எடுத்தும் கொடுக்காமல்விட்ட படங்களைப் பற்றி ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் நகரத்திற்குச் சென்றார். புதிய எல்பி-இ6 மின்கலம் ஒன்று வாங்கினார். பெட்டியிலிருந்த எஞ்சிய பணம் முழுவதையும் படம் அச்சிடும் கடையில் செலுத்தினார். முதலில் அச்சானது மரநிழற்படமே. பிறகு, ஆறாம் ஆண்டை முடித்துச் சென்ற ஒவ்வொரு மாணவருக்கும் அவர் குடும்பத்தாரோடு இருக்கும் படத்தைத் தேடி எடுத்து, உறையிலிட்டு, பெயரும் ஆண்டும் எழுதி அனுப்பத் தொடங்கினார். தோட்டத்தை விட்டுப் பெயர்ந்துபோன குடும்பங்களின் முகவரிகளைக் கண்டறிவதுதான் கடினமாக இருந்தது. அவ்வேலை பல மாதங்கள் நீண்டது.

மின்கலப் பிடியைத் துடைத்து, உறையிலிட்டுப் பழைய மாணவரிடமே திருப்பித் தந்தார். “வாங்கவில்லையா, ஐயா?” என்று அவர் கேட்டார்.

“உன் தொழிலுக்கு அது வேண்டும், தம்பி. எனக்கு வேண்டியது வேறாக இருந்தது” என்றார் ஆசிரியர்.

அதன் பின் அவர் காட்சித்துளையில் கண் வைத்தே படம் எடுக்கப் பழகிக்கொண்டார். மாற்றுக் கலம் எப்போதும் சட்டைப்பையில் இருந்தது. கேமராவை நெட்டாகத் திருப்பும்போது மணிக்கட்டு வலிக்கத்தான் செய்தது. இடக்கையால் லென்ஸின் அடியைத் தாங்கிக்கொண்டால் சற்றுக் குறையும். ஒவ்வொரு விழாவும் முடிந்த மறுவாரமே, உறைகள் மாணவர் கைகளில் சேர்ந்துவிடும்.